மூலத்தோடு ஒத்துப் பார்த்தது

சைக்கிளைச் சுவரில் சாய்த்துப் பூட்டிவிட்டு, என் தங்கை சொர்ணாம்பாள் தான் ஜெயித்த பொருள்களை அலுவலகத்துக்குள் கொண்டுபோகிறாள். வாசலில் நிற்கும் சைக்கிள் அப்பாவிடம் ஜெயித்தது. போலகத்திலிருந்து காரைக்காலுக்குப் பெண்பிள்ளை சைக்கிள் மிதித்துப் போனால் ஊர் சிரிக்கும் என்று சொன்னவர், அவள் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தே பள்ளிக்கூடம் போய் வந்ததைப் பார்த்து, நெல் விற்ற கையோடு வாங்கிக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடி அத்தைமாரிடம் ஜெயித்தது. கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று அவர்கள் கேட்டதற்கு, "வர்றவன் மூஞ்சிய நான் சரியாப் பாக்க வேணாமா?" என்றாள். கையில் உள்ள தடித்த பிரெஞ்சு அகராதி, வீட்டிலேயே பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைகளைப் பள்ளி இறுதித் தேர்வில் முந்தியதற்குக் கிடைத்த பரிசு. தோளில் தொங்கும் பழுப்புத் தோல் பை பிரான்சில் வாங்கியது. இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவருக்கு என்று அறிவித்த கோடைப் படிப்பு உதவித்தொகையை ஜெயித்துத்தான் அவள் அங்கே போனாள். உள்ளே, மேசைக்குப் பின்னால், கைவைத்த தேக்கு நாற்காலி ஒன்று இருக்கிறது. அது இந்த அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்யும் நொத்தேரிடம் ஜெயித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு முக்காலிதான் போட்டிருந்தார்கள்.

அவள் ஜெயிக்காதது கையெழுத்து.

நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வாள். புடவையை இழுத்துப் பாதம் தெரியாமல் மூடிக்கொள்வாள். நாற்காலி பெரியது, அவள் மெலிந்தவள். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இது என்ன பழக்கம் என்று பார்ப்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

குஞ்சம்மாவுக்கு வருடா வருடம் தெரிகிறது. அவளுடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் போனபின் குஞ்சம்மாவுக்குப் பாரிசிலிருந்து பென்ஷன் வருகிறது. அது தொடர்ந்து வர வேண்டுமானால், தான் உயிரோடு இருப்பதாக அவள் ஆண்டுதோறும் பிரெஞ்சில் எழுதி அனுப்ப வேண்டும்.

"உசுரோட இருக்கேன்னு எழுதிட்டியாடி?"

"எழுதிட்டேன் அத்தை."

"அழுத்தமா எழுது. போன வருசம் அவனுவளுக்குச் சந்தேகம் வந்துட்டு."

"இதுக்கு மேல அழுத்துனா காகிதம் கிழிஞ்சிடும். அப்பறம் செத்துட்டாங்கன்னு நெனச்சுக்குவான்."

குஞ்சம்மா சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். பிறகு நன்றிக்கு அவள் காலைத் தொடத் திடீரென்று குனிந்து மேசைக்கு அடியில் கையை விடுவாள். அங்கே வெறும் செருப்புதான் கிடக்கும்.

"எங்கடி வச்சிருக்கே கால?"

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். எந்திரிங்க அத்தை, இடுப்பு புடிச்சுக்கும்."

யாரையும் தன் காலைத் தொட விட மாட்டாள். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆசீர்வாதம் வாங்க வந்தால், அவர்கள் குனிவதற்குள் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவாள். என் மகளின் கல்யாணத்தில் மணமக்கள் வரிசையாக எல்லார் காலிலும் விழுந்து வரும்போது, சித்தியை மட்டும் காணவில்லை. கொல்லைக் கிணற்றடியில் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வேலை பழைய பத்திரங்களைத் தமிழில் எழுதுவது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் எழுதிய நிலப் பத்திரங்கள் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. நிலத்தை விற்கவோ பாகம் பிரிக்கவோ வேண்டுமானால் அவற்றில் என்ன இருக்கிறது என்று தமிழில் தெரிந்தாக வேண்டும். பத்திரங்கள் பதிவு செய்யும் நொத்தேர் அம்பலவாணனிடம் கொண்டுவருவார்கள். அவர் சொர்ணாம்பாளின் மேசையைக் காட்டுவார்.

அவள் உடனே பேனாவை எடுக்க மாட்டாள். பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை வாய்க்குள்ளேயே படிப்பாள். பிறகு ஒரு தடவை விரலை ஓட்டிக்கொண்டு படிப்பாள். அதன்பிறகுதான் எழுத்து. பூச்சி அரித்த இடத்தில் "இவ்விடம் பூச்சி அரித்துள்ளது" என்று எழுதுவாள். என்ன சொல் இருந்திருக்கும் என்று ஊகிக்க மாட்டாள். எழுதியவன் செய்த தப்பையும் தப்பாகவே எழுதுவாள். மூலத்தில் இல்லாத ஒரு எழுத்தைக்கூடத் தான் சேர்ப்பதில்லை என்பது அவள் வைராக்கியம். இதில் அவளோடு முட்டிக்கொண்டவர்கள் நிறைய. சேக் பரீது என்ற வியாபாரி ஒருவர் கொல்லையில் உள்ள கிணற்றையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

"கிணறு பத்திரத்துல இல்லீங்க."

"கொல்லையில இருக்கேம்மா. நேத்திக்கும் தண்ணி எறச்சேன்."

"அப்ப கொல்லையத்தாங்க கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும்."

எழுதி முடித்ததும் கடைசியில் "மூலத்தோடு ஒத்துப் பார்த்தது" என்று ஒரு வரி போட்டு, கீழே கொஞ்சம் இடம் விடுவாள். அந்த இடத்தில் நொத்தேர் கையெழுத்துப் போடுவார். தெருவில் போகிறவரோடு பேசிக்கொண்டே போடுவார். ஒத்துப் பார்த்தவள் ஒருத்தி, பெயர் இன்னொருவருடையது. அவர் கோர்ட்டுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் அவள் மொழிபெயர்ப்பாளராகப் பிரமாணம் எடுத்துக்கொண்டு தன் பெயரிலேயே கையெழுத்துப் போடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கையெழுத்து யாரு போட்டா என்னம்மா? எழுத்து உன்னோடதுதானே."

"அதாங்க ஐயா நானும் சொல்றேன்."

"பாப்போம்."

நாள் முழுக்கச் சட்டைப் பொத்தான் மாதிரி அந்தப் 'பாப்போம்' அவர் வாயில் மாட்டியிருக்கும்.

மத்தியானம் சோறு கொண்டுபோகிறவள் நான்தான். தருமபுரத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். கேரியரைத் திறக்கும்போதுகூட அவள் கால் தரையில் படாது. அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 1978 கோடையைச் சொல்ல வேண்டும்.

பிரான்சில் அவள் போன ஊரின் பெயரை அவள் சொல்வது மாதிரி எனக்கு எழுத வராது. ஓர் ஆற்றங்கரை ஊர். ஜூலையும் ஆகஸ்டும் அங்கே பல தேசத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் எங்களுக்குச் சொன்னதெல்லாம் நல்ல செய்திதான். ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் அங்கே வெயில் அடிக்கும். ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார்கள். ஆறு இருக்கிறது, ஆனால் யாரும் குளிப்பதில்லை. அறையில் அவளோடு இருந்தவள் அல்ஜீரியாக்காரி, பெயர் ஜொஹரா. நம் ஊர் முஸ்லிம் வீட்டுப் பெயராயிருக்கிறதே என்று இவள் முதல் நாளே ஒட்டிக்கொண்டாளாம். பாடம் நடத்திய முசே பெர்த்தோ என்ற பேராசிரியர், வகுப்பு முடிந்தபிறகும் இவளை உட்கார வைத்து உச்சரிப்பைத் திருத்தியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் இவளுக்கு முதலிடம். சான்றிதழைச் சட்டம் போட்டு அப்பா மாட்டினார். பிரிவு உபசார விழா எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "நடந்துச்சு" என்றாள். மேலே கேட்டால் உலைக்கு அரிசி களையப் போய்விடுவாள்.

ஆறு வருடம் கழித்து ஒரு புகைப்படம் ஊருக்கு வந்தது. அன்றைக்குத்தான் என்னிடம் முழுதாகச் சொன்னாள்.

விழா ஒரு பெரிய கூடத்தில் நடந்திருக்கிறது. ஒவ்வொருவராக மேடைக்குப் போய் முசே பெர்த்தோவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். முதலிடம் வந்தவர்கள் அதன்பிறகு பேச வேண்டும். இவள் காரைக்கால் பத்திரங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். பிரெஞ்சுப் பத்திரத்துக்கு நடுவே மா, குழி என்று நம் அளவுகளை அந்தக் காலத்து எழுத்தர்கள் எப்படி நுழைத்தார்கள் என்பதுதான் பேச்சு. ஜொஹரா அதைக் கேட்டுவிட்டு, நாளைக்குக் கூடமே எழுந்து நிற்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். எங்கள் பக்கத்தில் வாத்தியார் கையால் எதை வாங்கினாலும் முதலில் குனிந்து அவர் காலைத் தொடுவோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அதிலும் இரண்டு மாதம் தனக்கென்று தனியாக உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவர். அவள் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்துவிட்டாள்.

"முசே பயந்துட்டாருக்கா. ரெண்டடி பின்னால போயிட்டாரு, பாம்பப் பாத்த மாதிரி. நான் எந்திரிச்சுப் பாக்குறேன், ஒருத்தன் சிரிச்சான், அப்பறம் எல்லாரும் கை தட்டுனாங்க. அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல."

விடவில்லை. கீழே படம் பிடித்துக்கொண்டிருந்தவன் கையைத் தூக்கினான். விளக்கு எரியவில்லை, படம் விழவில்லை, இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று கேட்டான். அவள் முசேயைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லுவார் என்றுதான் பார்த்திருக்கிறாள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நின்றார். பின்னால் வைத்திருந்த காலை முன்னால் எடுத்து வைத்தார்.

"நான் விழுந்தேன்க்கா. கேக்கறாங்களே, விருந்தாளியா வந்த எடத்துல மாட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு விழுந்துட்டேன். பளிச்சுன்னு வெளக்கு அடிச்சுது. எந்திரிச்சா, அவரு சான்றிதழக் கையில கொடுத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிடுறாரு."

பேச்சுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஆடும்போது பையன்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து விளையாடினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று அவள் சொல்கிறாள். மறுநாள் காலை ரயிலடியில் கூடப் படித்தவர்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் பிளாட்பாரத்தில் அவள் முன்னால் வரிசையாக மண்டியிட்டு, கையைத் தூக்கி, நெற்றியைத் தரைக்குக் கொண்டுபோய் விடை சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஜொஹரா சிரிக்கவில்லை. இவள் பெட்டியைத் தன் கையில் தூக்கிக்கொண்டு வண்டிவரைக்கும் வந்தாள். ஏற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்: "முதல் தடவை நீ ஏன் விழுந்தாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கையை முத்தமிடுவோம். இரண்டாவது தடவை ஏன் விழுந்தாய்?"

"படம் சரியாக வரவில்லையாம்" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஜொஹரா இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனாள். விலாசம் எழுதித் தருவதாக முந்தின வாரமே சொல்லியிருந்தவள், தராமலே போனாள். மற்றவர்கள் வண்டி மறைகிறவரைக்கும் கை ஆட்டினார்களாம். இவள் கண் அவள் போன பக்கமே இருந்திருக்கிறது.

"கோடை பூரா படிச்சேன்க்கா. யாராவது என்னைப் பத்தி நெனச்சா அந்த ஒரு நிமிசந்தான் வரும். நான் பேசுன ஒரு வார்த்தை வராது."

இதை அவள் சொன்னதற்குக் காரணமான படத்தைக் கொண்டுவந்தவன் பாலகுரு, நொத்தேரின் அண்ணன் மகன். 1984இல் அவனும் அதே ஊருக்கு அதே கோடைப் படிப்புக்குப் போனான். சொந்தச் செலவில் போனான். திரும்பும்போது அந்தப் படிப்பைப் பற்றி அவர்கள் அச்சிட்டுத் தரும் வழவழப்பான சிறு புத்தகம் ஒன்று கொண்டுவந்தான். அதில் ஒரு பக்கம் முழுக்க இந்தப் படம். அவள் முகம் தெரியாது. முதுகு, பின்னல், தரையில் பரவிய புடவை, பின்பக்கம் இரண்டு உள்ளங்கால். எதிரே முசே பெர்த்தோ நன்றாகத் தெரிகிறார். கீழே பிரெஞ்சில் ஒரு வரி. பெயர் இல்லை.

நொத்தேருக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டூடியோவில் கொடுத்து, கீழே உள்ள வரியோடு பெரிதாக்கி, சுற்றிலும் வெள்ளை விட்டுச் சட்டம் போட்டார். சொர்ணாம்பாளின் நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். நம் அலுவலகத்துப் பெண் பிரான்சில் படித்தவள் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்பது அவர் நியாயம். கழற்றிவிடச் சொல்லிக் கேட்டாள்.

"பாப்போம்" என்றார்.

ஒரு வருடம் அவள் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதினாள். சோறு போடும்போதெல்லாம் நான் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். 1985இல் நொத்தேர் கோர்ட்டுக்கு அந்த ஒரு வார்த்தையை எழுதினார். பாலகுருவுக்காக எழுதினார். அவனும் அங்கே படித்தவன்தானே என்றார். பையன் பிரமாணம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"இனிமே மொழிபெயர்ப்புல தம்பி கையெழுத்துப் போடட்டும். எனக்கும் வயசாகுது. நீ எப்பவும் போல எழுதும்மா."

அவள் வீட்டுக்கு வந்து, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள்.

பாலகுரு முதன்முதலாக வந்து உட்கார்ந்த அன்று நான் கேரியரோடு போனபோது, குஞ்சம்மாவும் உயிரோடு இருக்கும் கடிதத்துக்காக வந்திருந்தாள். கடிதம் முடிந்தது. வழக்கம்போல மேசைக்கு அடியில் கைவிட்டுத் தேடிவிட்டு நிமிர்ந்தவளுக்குச் சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது.

"யாருடி இது? மொகமே தெரியல."

"நம்ம சொர்ணந்தான்" என்றார் நொத்தேர். "பிரான்சுல வாத்தியாருக்கு மரியாத பண்றா. அங்க போயும் நம்ம பழக்கத்த விடல, பாத்தியளா?"

குஞ்சம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். "அப்ப இதான் அந்தக் காலா? எங்களத் தொட விடாம மடிச்சு மடிச்சு வச்சுக்குவாளே" என்று சிரிக்கப் போனவள், சொர்ணாம்பாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "கீழ என்னமோ எழுதியிருக்கே" என்றாள்.

"நான் சொல்றேன் அத்தை" என்று பாலகுரு எழுந்தான்.

"நீங்க உக்காருங்க தம்பி. எழுதுற வேலை என்னோடது" என்றாள் சொர்ணாம்பாள்.

காலைத் தரையில் இறக்கினாள். செருப்பைத் தேடவில்லை. நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்தாள். பின்பக்கத்துச் சிறு ஆணிகளைக் காகிதம் வெட்டும் கத்தியால் மடக்கி, கண்ணாடியை விலக்கி, படத்தை வெளியே எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை வாய்க்குள் படித்தாள். விரலை ஓட்டிக்கொண்டு ஒரு தடவை படித்தாள். பிரெஞ்சு வரிக்குக் கீழே இருந்த வெள்ளையில் தமிழில் எழுதினாள்.

இந்திய மாணவி ஒருத்தி தன் பேராசிரியரின் காலடியில். இரண்டாம் முறை.

பாலகுரு எட்டிப் பார்த்தான். "இரண்டாம் முறைன்னு மூலத்துல இல்லியேக்கா."

"இருக்கு. அவரு கால் முன்னால இருக்கு பாருங்க."

அதற்குக் கீழே 'மூலத்தோடு ஒத்துப் பார்த்தது' என்று போட்டு, எப்போதும் போல இடம் விட்டாள். பாலகுரு பழகிக்கொள்கிறவன் மாதிரி, கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைத் திருகினான். அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த இடத்தில் அப்பா பெயரோடு தன் பெயரை ஓர் எழுத்தும் சுருக்காமல் எழுதினாள்: தெட்சிணாமூர்த்தி சொர்ணாம்பாள், 3 செப்டம்பர் 1985.